சகலை ஒளித்த பிரேக்கர்

மாமியார் வீட்டில் கரண்ட் போனது மூத்தவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. கரண்ட் போனதும் மாமனார் முதலில் யாருக்குப் போன் செய்தார் என்பதுதான் பிரச்சினை.

செய்தியைக் கொண்டுவந்தவள் மனைவி. மத்தியானச் சாப்பாட்டைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அம்மா வீட்ல அடுப்படியும் அம்மா ரூமும் இருட்டாம். பெட்டியில ஒரு பிரேக்கர் போயிடுச்சாம். அப்பா சின்ன மாப்பிள்ளைக்குப் போன் போட்டுட்டாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க!

மூத்தவர் தன் கடையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். நாலு பக்கமும் கண்ணாடி அலமாரி. உள்ளே பிரேக்கர், ஸ்விட்ச், வயர்ச் சுருள் எல்லாம் அட்டைப்பெட்டி கலையாமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. தெருவில் யாரைக் கேட்டாலும் 'எலக்ட்ரிக் கடைன்னா அவர் கடைதான்' என்று கை நீட்டுவார்கள். மாமனாரைத் தவிர.

"உங்கப்பாவுக்கு நான் என்ன கடை வச்சிருக்கேன்னு மறந்துபோச்சா? சோப்பு சீப்புக் கடையா?"

"உங்ககிட்ட புதுசுதானே இருக்கு. அது அந்தப் பெட்டிக்குச் சேராதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

சொல்லியிருந்தார். அதுதான் வினை. மாமனார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சுவரில் பதிந்திருந்த பேனல், அவர் வீடு கட்டிய காலத்துச் சாமான். செய்த கம்பெனி இழுத்து மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அதன் பிரேக்கர்கள் ஒரு முனையில் கொக்கி மாட்டி, மறுமுனையில் செம்புப் பட்டையில் அழுந்தி உட்காரும். இப்போது வரும் எதுவும் அகலத்திலும் சேராது, கொக்கியிலும் சேராது.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுப் பெட்டி மாட்டிடலாம் மாமா" என்று ஒருமுறை யோசனை சொன்னார் மூத்தவர்.

"தூக்கிப் போடுற வண்டியில என்னையும் ஏத்திடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

அதே பேனலைப் பார்த்துச் சகலை என்ன சொன்னான் தெரியுமா? கதவைத் திறந்து, உள்ளே ஒரு தட்டு தட்டி, "இது ராஜா பெட்டி மாமா! இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும்" என்றான். அன்றைக்கே மாமனார் மனதில் அவனுக்குப் பட்டாபிஷேகம் நடந்துவிட்டது.

மனைவியின் தங்கையைக் கட்டியவன்தான் இந்தச் சகலை. கல்யாணமான புதிதில் அவனுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு ஓட்டை வேனும் ஒரு திருப்புளியும்தான். எங்கே பழைய கட்டிடத்தை இடித்தாலும் முதல் ஆளாகப் போய் நின்று, பேனல்களைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு வருவான். 'குப்பை பொறுக்குறான்' என்று மூத்தவர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். அந்தக் குப்பை இப்போது ஒரு கிடங்கு நிறைய இருந்தது. எங்கெங்கிருந்தோ மில் மேனேஜர்களும் ஆஸ்பத்திரி இன்ஜினியர்களும், செத்துப்போன பிரேக்கரைக் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருவது போலத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அவன் வாசலில் காத்துக் கிடந்தார்கள். அவன் கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பெருங்குரலில் சிரித்து, எல்லோரையும் "தலைவரே" என்று கூப்பிட்டுக் கேட்டதை எடுத்துக் கொடுப்பான்.

மாமியார் வீட்டில் ஒரு பெரிய டம்ளர் உண்டு. மற்றவையெல்லாம் சராசரி அளவு. இரண்டு மாப்பிள்ளைகளும் சேர்ந்து போகிற நாட்களில் டீ எந்த டம்ளரில் யாருக்கு வருகிறது என்பதை மூத்தவர் கவனிக்காமல் இருந்ததே இல்லை. அது அவருக்கு வந்ததும் இல்லை.

"சின்னவருக்கு நாக்கு நீளம்ங்க, அதான் டம்ளரும் பெருசு" என்று மனைவி ஒருமுறை சிரித்தாள். மூத்தவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். தெரிந்த பழைய டீலர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டார். அந்தக் கம்பெனி, அந்த மாடல், ஒரே ஒரு பீஸ். எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"உங்க சகலைகிட்டயே கேளுங்களேன், அண்ணாச்சி!"

கடைசி ஆள் இன்னும் ஒருபடி மேலே போனான். "உங்களுக்கு வேண்டியவன்னு சொன்னா எனக்கும் கொஞ்சம் பாத்துக் குடுப்பாரா?"

மூத்தவர் போனை வைத்தார். காது மடல் இரண்டும் சூடேறிப் போயிருந்தன.

சாயங்காலம், ஏணி இரவல் வாங்குகிற சாக்கில் சகலையின் கிடங்குக்குப் போனார்.

தரையிலிருந்து கூரை வரை இரும்பு ரேக்குகள். எதிலும் அட்டைப்பெட்டி இல்லை. கறுப்பும் சாம்பலுமாகப் பல் வரிசை போல பிரேக்கர்கள். மூலையில் வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மரை உருமாற்றிச் செய்த சோதனைப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சகலை ஏதோ ஒரு பிரேக்கரில் கரண்ட்டை ஏற்றிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் அளவு மீறி, 'டப்'பென்று பிரேக்கர் தானாக அணைந்து விழுந்ததும் முகமெல்லாம் பல்.

"வாங்கண்ணே! அதிசயமா இருக்கு, நம்ம குப்பைமேட்டுக்கு எல்லாம் வர்றீங்க!"

குத்திக் காட்டுகிறானா, விளையாட்டா? மூத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏணி வேணும் தம்பி. அப்புறம்... மாமா வீட்டு விஷயம் கேள்விப்பட்டேன். பீஸ் இருக்கா?"

"கைவசம் இல்லண்ணே. ஒரு பழைய ஓட்டலை இடிக்கிறாங்க. அங்க அதே பெட்டி இருக்காம். நாளைக்குக் கழட்டி, ஓட்டிப் பாத்து, சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுவேன். போன பிரேக்கரும் சும்மா போகல, அந்த லைன்ல லோடு அதிகம். நல்ல பீஸா இருந்தாத்தான் மாட்டணும்."

அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது. "சொல்லுங்க தலைவரே!" என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் போனான்.

மூத்தவர் ஏணியைத் தேடிப் பின்பக்கம் போனார். கடைசி ரேக். அடித்தட்டு. அங்கே, தனியாக, சுவர் ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது ஒரு பிரேக்கர்.

அதே கம்பெனி. அதே மாடல். அதே கொக்கி. கைப்பிடியில் சிவப்பு டேப் ஒரு சுற்று.

மூத்தவருக்குள் ஏதோ படீரென்று தெறித்தது. கைவசம் இல்லையாமே! ஓட்டலை இடிக்கிறார்களாமே! என்ன நடிப்பு!

அவர் கடையில் சிவப்பு டேப்புக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். முக்கியமான வாடிக்கையாளருக்கு எடுத்து வைத்த சாமான். வேறு யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லு. வியாபாரம் ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் அவர் வழக்கம். ஆகவே சகலையின் திட்டம் அவருக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. சாமானை ஒளித்து வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் அலைந்து திரிந்து கொண்டுவந்ததாக நாளைக்கு ஒரு நாடகம் போடப்போகிறான். 'பாவம் சின்ன மாப்பிள்ளை, எங்கெல்லாம் அலைஞ்சாரோ' என்று மாமியார் உருகுவாள். பெரிய டம்ளர் நிறைய டீ வரும்.

வாசலில் சகலையின் சிரிப்புச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

மூத்தவர் குனிந்தார். நிமிர்ந்தபோது அடித்தட்டு காலியாக இருந்தது. அவருடைய சாப்பாட்டுப் பை கொஞ்சம் கனத்திருந்தது.

அவர் போன பிறகுதான் சகலை, ஏணி சுவரில் சாத்தியபடியே நிற்பதைப் பார்த்தான். மறந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை மூத்தவர் கடையைத் திறக்கவில்லை. சிவப்பு டேப்பைப் பிய்த்தெறிந்து, பிரேக்கரைத் துணியால் துடைத்து, மீட்டரை வைத்துப் பார்த்தார். மேலே தள்ளினால் 'பீப்' என்றது. கீழே தள்ளினால் அடங்கியது. வேறென்ன வேண்டும்? புதுச்சரக்கு விற்கிறவர் அவர். சரக்கைச் சோதிப்பது கம்பெனியின் வேலை. அட்டையைப் பிரித்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. அதிக கரண்ட் போனால் அது விழுமா விழாதா என்று எந்த பிரேக்கரையும் அவர் ஓட்டிப் பார்த்ததில்லை. ஓட்டிப் பார்க்க அவரிடம் பெட்டியும் இல்லை.

மாமனார் வீட்டுக்கு மனைவியோடு போய் இறங்கினார். மெயினை அணைத்து, செத்த பிரேக்கரைக் கழற்றி, கொண்டுவந்ததை அழுத்தினார். 'கிளிக்'. அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. மெயினைப் போட்டார்.

அடுப்படியில் விளக்கு எரிந்தது. மாமியார் ரூமில் மின்விசிறி சுற்றியது.

"ஐயையோ, வந்துடுச்சு!" என்று மாமியார் கையைத் தட்டினாள். "என்னங்க, இங்க வாங்களேன்! பெரிய மாப்பிள்ளை கரண்ட் வரவழைச்சிட்டாரு!"

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து பேனலைப் பார்த்தார். "இதே கம்பெனியா! இது லேசுல கிடைக்காதுன்னு சின்னவரே சொன்னாரே. நீங்க எங்க பிடிச்சீங்க?"

"நமக்கும் ஆள் இருக்கு மாமா" என்றார் மூத்தவர், குரலைத் தழைத்து.

டீ வந்தது. பெரிய டம்ளரில் வந்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய டம்ளர். மூத்தவர் அதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார்.

அவர் குடித்து முடிக்கவும் வாசலில் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சகலை தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளாக இறங்கினான். கையில் துணிப்பொட்டலம்.

"மாமா, கிடைச்சிடுச்சு! ஓட்டிப் பாத்துட்டேன், ஜம்முனு விழுது..." என்று வந்தவன், எரிகிற விளக்கைப் பார்த்து நின்றான்.

"பெரியவர் மாட்டிட்டாரு" என்றார் மாமனார். "நீங்க லேட்டு மாப்பிள்ளை!"

சகலை முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், விளக்கு அணைந்தது. மூத்தவர் அந்தக் கணத்தைப் பிடித்து, நாலாக மடித்து, நெஞ்சுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"எங்கண்ணே கிடைச்சுது?" சகலை பேனல் பக்கம் போனான். மூடியை மூத்தவர் ஏற்கெனவே திருகி முடுக்கியிருந்தார்.

"வியாபார ரகசியம் தம்பி" என்று அவன் தோளைத் தட்டினார். "அந்தப் பீஸை வச்சுக்கோ. வேற யாருக்காவது உதவும்."

சகலை தலையைச் சொறிந்தான். சிரித்தான். "சரிதாண்ணே" என்று கிளம்பினான்.

மனைவியை அம்மாவோடு விட்டுவிட்டு, மூத்தவர் ஸ்கூட்டரில் கடைக்குத் திரும்பினார். வழியெல்லாம் விசில் அடித்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம் போன் அடித்தது. சகலை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நேத்து நீங்க வந்தப்ப அடித்தட்டுல சிவப்பு டேப் சுத்தினது ஒண்ணு இருந்துச்சா, பாத்தீங்களா?"

"உன் குப்பையைக் கிளற எனக்கென்னய்யா தலையெழுத்து?"

"கோவிச்சுக்காதீங்க. அதைக் காணோம். அது செத்த பீஸுண்ணே. செத்ததுக்குத்தான் நான் சிவப்பு சுத்துவேன். உடைச்சுப் போட எடுத்து வச்சிருந்தேன். மீட்டர்ல பாத்தா நல்லாத்தான் காட்டும். ஆனா உள்ள பூட்டு ஒட்டிக்கிச்சு. எவ்வளவு கரண்ட் ஏறினாலும் விழாது. வயர் எரியும், சுவரு எரியும், அது மட்டும் தலை நிமிர்ந்து நிக்கும். அதை எவனாவது எடுத்துட்டுப் போய் ஒரு வீட்ல மாட்டிட்டான்னா..."

அவன் முடிக்கவில்லை. மூத்தவரும் பேசவில்லை.

"சரிண்ணே, வைக்கிறேன்."

பொய்! முதலில் அப்படித்தான் தோன்றியது மூத்தவருக்கு. வயிற்றெரிச்சல். மாமியார் வீட்டில் நம் பெயர் ஓங்கிவிட்டதே என்கிற பொறாமையில் கதை கட்டுகிறான். பயந்துபோய் நாமே கழற்றினால் அவன் வந்து ஜம்மென்று மாட்டுவான். விடுவோமா?

அப்புறம், மாமியார் காலையில் சொன்னது மெல்லக் காதுக்குள் திரும்பி வந்தது. 'ரெண்டு நாளா வெந்நீர் இல்ல, இஸ்திரி இல்ல, ஓவன் இல்ல. எல்லாத்தையும் இன்னைக்கே ஒரு பிடி பிடிக்கப்போறேன் மாப்பிள்ளை!'

ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, ஓவன். மூன்றும் அந்த ஒரே லைனில்!

மூத்தவர் போனை மறுபடி கையில் எடுத்தார். மாமியார் நம்பரை அழுத்தினார். 'நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்.' மனைவி நம்பர் அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் போன் வழக்கம்போலக் கைப்பையின் அடியில் கிடக்கும். மாமனாருக்கு மத்தியானத் தூக்கம். போனை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். மறுபடி மாமியார். வேறொரு அழைப்பில்.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

ஒவ்வொரு சிக்னலும் அவரைப் பார்த்துச் சிவந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்தார். "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று யாரோ கத்தினார்கள். சகலைக்குப் போன் செய்தால் போதும், அவன் கிடங்கு மாமனார் வீட்டுக்குப் பக்கம். ஒரே ஒரு வார்த்தை. 'நான்தான் எடுத்தேன், ஓடு.' விரல் பாக்கெட் வரை போனது. அந்த வார்த்தை தொண்டையை விட்டு வர மாட்டேன் என்றது. வேகத்தைக் கூட்டினார்.

வீட்டு வாசலிலேயே வாடை அடித்தது. ரப்பர் கருகும் வாடை.

உள்ளே மாமியார் சோபாவில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்கறேன்! யாராலயும் முடியாதுன்னுட்டாங்க. எங்க பெரிய மாப்பிள்ளை ஒரே அழுத்து..." மனைவி அம்மா ரூமில் இஸ்திரி போட்டுக்கொண்டே, "அம்மா, ஏதோ கருகுற மாதிரி இல்ல?" என்றாள். அடுப்படியில் ஓவன் சுற்றிக்கொண்டிருந்தது.

மாடிப்படிக்குக் கீழே, பேனலுக்கு மேல், சுண்ணாம்புச் சுவரில் பழுப்பாக ஒரு கறை ஏறியிருந்தது. மூடியின் இடுக்கில் மெல்லிய புகை.

மூத்தவர் பாய்ந்து மெயினை இழுத்தார். வீடு முழுக்க அடங்கியது.

"என்னங்க ஆச்சு?" என்று ஓடிவந்தாள் மனைவி. மாமனார் ரூமிலிருந்து தடுமாறி வந்தார். அதே நேரத்தில் வாசல் கதவு படாரென்று திறந்தது. சகலை. மூச்சு வாங்க, கையில் அதே துணிப்பொட்டலம். மூத்தவர் போனில் பேசாமல் இருந்தது அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

மூடியைக் கழற்றினார்கள். வயரின் மேல்தோல் உருகி வழிந்து செம்பு தெரிந்தது. பிரேக்கர் மட்டும் தலை நிமிர்ந்து நின்றது.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா சுவருக்குள்ளயே பத்தியிருக்கும்" என்றான் சகலை மெதுவாக.

மாமனார் முகம் சுண்டிப்போனது. மூத்தவரைத் திரும்பிப் பார்த்தார். "உங்க ஆள் குடுத்த பீஸா மாப்பிள்ளை இது? யார் அந்த ஆளு?"

மூத்தவர் மூடியின் திருகாணியைக் கையில் உருட்டினார்.

"நான்தான் மாமா" என்றான் சகலை.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"அண்ணன் கேட்டாருன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவசரத்துல ஓட்டிப் பாக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

சொல்லிவிட்டு மூத்தவரைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினான். விடுங்க, நான் பாத்துக்கிறேன்.

தப்பித்தோம் என்று மூத்தவர் மூச்சு விடப்போனார். பாதி மூச்சில் மாமனாரின் குரல் கேட்டது. குரலில் கோபம் இல்லை. தழுதழுப்பு!

"பாத்தியாடி? தப்பைத் தானே முன்னால வந்து ஒத்துக்கிறாரு. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?"

"தங்கம்ங்க" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனைவியும் தலையாட்டினாள். ஆமாம், கட்டிய மனைவியும்!

மூத்தவருக்கு உடம்பெல்லாம் பற்றியது. அவர் திருடியது. அவர் மாட்டியது. அவர் எரிக்க இருந்த வீடு. அதற்கும் பாராட்டு அவனுக்கா? ஒரு மனுஷனுக்குத் தன் தப்பு கூடச் சொந்தமாக இருக்கக் கூடாதா?

"கிடையாது!" என்று கத்தினார். "அவன் குடுக்கல. நான்தான் எடுத்தேன். அவன் கிடங்குல இருந்து, அவனுக்குத் தெரியாம, சாப்பாட்டுப் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். எல்லாம் நான்! அவனுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல!"

மாமியார் வாயில் கை வைத்தாள்.

"அண்ணே" என்றான் சகலை பரிதாபமாக. "சும்மா இருந்திருக்கலாம்ல?"

"ஏங்க திருடினீங்க?" மனைவி அவர் எதிரே வந்து நின்றாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பாரே!"

"அதான்" என்றார் மூத்தவர். "கேக்கணுமே."

மாமனார் அலமாரியைத் திறந்தார். பிறகு ஒரு டார்ச்சை எடுத்து அவர் கையில் திணித்தார். "சின்னவர் மாட்டட்டும். நீங்க வெளிச்சம் காட்டுங்க. இந்த வீட்ல இனிமே எதுவும் ரெண்டு பேரும் பாக்காம மாட்டக் கூடாது."

மூத்தவர் படிக்குக் கீழே குந்தி டார்ச் அடித்தார். சகலை உருகிய வயரை நறுக்கி, புதிது இழுத்து, ஓட்டலிலிருந்து கொண்டுவந்த பிரேக்கரைக் கொக்கியில் மாட்டினான். வேலை செய்துகொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"தினமும் உங்க கடை வழியாத்தான் போறேன். அந்தக் கண்ணாடி அலமாரியைப் பாத்தா எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? பிரிச்சுக் குடுத்தா முடிஞ்சுது. ராத்திரி நிம்மதியாத் தூங்குவீங்க. நான் வித்த ஒவ்வொரு பீஸும் எந்தச் சுவத்துல என்ன பண்ணுதோன்னு நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே கிடையாது. அவ்வளவு வயித்தெரிச்சல்ணே உங்க மேல."

டார்ச் ஆடாமல் நின்றது. "நிஜமாவா?" என்றார் மூத்தவர்.

"சத்தியமா."

மூத்தவருக்கு நெஞ்சுக்குள் ஏசி போட்டது போல இருந்தது. கடைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் தானாகவே நீட்டினார்.

மெயினைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மாமியார் டீ கொண்டுவந்து இருவர் முன்னாலும் வைத்தாள். பெரிய டம்ளரைக் காணோம். இரண்டும் ஒரே சராசரி டம்ளர், ஒரே அளவு.

மூத்தவர் தன்னுடையதை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார்.

சகலையின் டம்ளரில் நுரை கொஞ்சம் அதிகமாக இருந்தது.